பிப்ரவரி என்றால் புளி

2012 டிசம்பரில் பட்டதாரி ஆசிரியர் பணி நியமன ஆணை கைக்கு வந்தபோது, மன்னார்குடியில் எங்கள் வீட்டில் யாருக்கும் பாலக்கோடு எந்தப் பக்கம் என்று தெரியாது. தருமபுரி மாவட்டம் என்றதும் அப்பா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்: "தண்ணியக் காய்ச்சிக் குடிப்பா." அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று எங்கோ படித்திருந்தார். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பள்ளியில் முதல் வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாருமே சிரிக்கவில்லை. ரொம்பப் பொறுப்பான பிள்ளைகள் போல என்று நினைத்துக்கொண்டேன். குழுப் புகைப்படம் எடுத்த அன்றுதான் பற்களைக் கவனித்தேன். பட்டை பட்டையாகப் பழுப்புக் கறை. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் சில வருடம் கழித்து ஆறாம் வகுப்புக்கு வந்தபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கணக்கு வாத்தியாருக்குப் பல்லில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தப் பள்ளியில் எனக்குப் பிடிபட்ட விஷயங்களில் பாதி, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்துதான் வந்தது.

ஆறு முதல் பத்து வரை உள்ள உயர்நிலைப் பள்ளி அது. நடுநிலைப் பள்ளியாக இருந்து தரம் உயர்ந்தது. ஐந்து பாடத்துக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர், ஒரு தலைமை ஆசிரியர் என்பது கணக்கு. நான் சேர்ந்தபோது ஆங்கிலமும் சமூக அறிவியலும் காலி. கணக்கு முடித்து அடுத்த பாடவேளை நானே ஆங்கிலமும் எடுப்பேன். என் ஆங்கிலத்தைக் கேட்ட பிள்ளைகள் பாவம்.

2013 மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் கணக்கில் போய்விட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் நான் செய்தது எல்லாப் புது வாத்தியாரும் செய்வதுதான்: மாலை ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ். யாருக்குத் தேவையோ அவர்கள் நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற, உள்ளூரிலேயே வீடு இருக்கிற ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல மார்க் வாங்குகிறவர்களை இன்னும் நல்ல மார்க் வாங்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஏதோ ஓர் அறிக்கைக்காகப் போன வருட வருகைச் சதவீதம் கேட்டிருந்தார்கள். "கணக்கு வாத்தியார்தானே, கூட்டல் உங்களுக்குத்தான்" என்று தலைமை ஆசிரியர் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சலித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போனேன். பிப்ரவரிப் பக்கத்தில் கை நின்றது. தேர்ச்சி பெறாத ஒன்பது பேரில் எட்டுப் பேர் அந்த மாதத்தில் கொத்துக் கொத்தாக வரவில்லை. திருப்புதல் தேர்வு நடக்கும் மாதம் அது. காய்ச்சல் என்றால் இப்படி எட்டுப் பேருக்கும் ஒரே தேதியில் வராது.

மதிய உணவு சமைக்கும் அக்காவிடம் கேட்டேன். "புளி சார்" என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

அந்தப் பகுதியில் புளி பெரிய வேலை. ஜனவரி கடைசியில் மரத்தை உலுக்கத் தொடங்குவார்கள். சாலையோர மரங்களை ஏலம் எடுத்தவர்கள் பழத்தை மூட்டை மூட்டையாக வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் யாரும் அதை வேலை என்றே நினைப்பதில்லை. பாட்டி தட்டுவார், பேத்தி கொட்டை எடுப்பாள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். அரசுப் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, திண்ணையில் நாலு மூட்டை புளி.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பதிவேட்டில் வரவில்லை என்று மட்டும்தான் இருக்கும். ஏன் என்பதை நோட்டில் எழுதத் தொடங்கினேன். பிள்ளையிடம் கேட்டால் "உடம்பு சரியில்ல சார்" என்றுதான் பதில் வரும், அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். இரண்டு வருடம் எழுதியபின் ஒரு ஒழுங்கு தெரிந்தது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாட்களில் குறிப்பிட்ட ஆறேழு பேர் தாமதமாக வந்தால், பூ. குண்டுமல்லியை விடியும் முன் பறித்தாக வேண்டும், மொட்டு விரிந்துவிட்டால் விலை இல்லை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு நாலு மணிக்குத் தோட்டத்தில் இறங்கின பையன், பத்து மணிக்கு அல்ஜீப்ராவில் தூங்கத்தான் செய்வான். அவனை நான் முதல் வருடம் முட்டிபோட வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அப்புறம் முகூர்த்த நாள் குறித்த தினக்காலண்டர் ஒன்றை வகுப்பில் மாட்டினேன். அந்த நாட்களில் முதல் பாடவேளையில் புதுப் பாடம் எடுப்பதில்லை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வராத நாட்களின் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. மாதத்துக்கு மூன்று நான்கு நாள், ஆளுக்கு ஒரு தேதி. இதில் என்ன பூ, என்ன புளி என்று அறிவியல் டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க நம்ம பாத்ரூமுக்குள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?" என்றார். மாணவியர் கழிப்பறை இரண்டு இருந்தது. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டிலும் தண்ணீர் இல்லை. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வந்துகொண்டுதான் இருந்தது. அதை மாற்றுவதற்கு ஓர் இடம் இல்லை, போடுவதற்கு ஒரு மூடி போட்ட வாளி இல்லை. குழாய்க்கு ஒரு கிளை இழுத்து, தாழ்ப்பாள் போட்டு, வாளி வைக்க ஆன செலவு என் ஒரு மாத வீட்டு வாடகையை விடக் குறைவு. வாளியைக் காலி செய்ய ஆள் ஏற்பாடு செய்வதுதான் பெரிய பாடு. அதற்கு மாதாமாதம் நாங்கள் ஐந்து பேரும் பணம் போட்டோம். புதிதாக ஒரு பள்ளிக்குப் போகிற ஆண் ஆசிரியருக்கு நான் சொல்வது: இதைப் பெண் ஆசிரியர் ஒருவரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். எனக்கு மூன்று வருடம் ஆனது.

சரி, புளிக்கு என்ன செய்தேன்? முதலில் வீடு வீடாகப் போய்ப் பாட்டிகளிடம் படிப்பின் அருமையைப் பேசினேன். "ஆமாங்க சாமி" என்று கேட்டுக்கொண்டு, மோர் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளும் அந்தப் பிள்ளை வராது. பேச வேண்டிய ஆள் பாட்டி இல்லை, மரத்தை ஏலம் எடுத்தவர் என்பது மூன்றாம் வருடம்தான் உறைத்தது. எங்கள் ஊர் மரங்களை இரண்டே பேர்தான் மாற்றி மாற்றி எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் மகள் எங்களிடம் ஏழாம் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மூட்டையை மார்ச் தேர்வு முடிந்து இறக்குங்கள், அந்த வீட்டுப் பங்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது பாதிதான் முக்கியம். கூலி போய்விடும் என்ற பயம்தான் வீட்டில் பிள்ளையை உட்கார வைத்தது. அவர் சிரித்துக்கொண்டே, "பதினஞ்சு வீடு லிஸ்ட் குடுங்க சார்" என்றார். மற்றவர் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். பாதி தீர்ந்தது. பாதி கடைசி வரை தீரவில்லை.

எட்டாம் வகுப்புக்கு வேறு வழி. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில், நாங்கள் என்.எம்.எம்.எஸ். என்போம், தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதை விட, பாட்டியிடம் போய்ச் சொல்வது பலன் தந்தது. ஒரு பருவம் முழுக்கத் தட்டினாலும் புளியில் அது வராது. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. வாரம் இரண்டு நாள் மதிய உணவு முடிந்து அரை மணி நேரம் பழைய வினாத்தாள் போட்டோம். முதல் வருடம் ஒருவர்கூடத் தேறவில்லை. அடுத்த வருடம் இரண்டு பேர். ஒருத்தியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய தகவல் ஊரில் பரவிய அன்று, அதுவரை பள்ளிப் பக்கமே வராத ஒரு தகப்பனார் வந்து, "அந்தப் பரீட்சைக்கு எம் மவனையும் சேத்துக்குங்க சார்" என்றார். ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, வருடத்துக்கு 1000. தொகை சின்னது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து பழகுவதற்காகவே எழுத வைத்தேன்.

இனி கணக்கு. பத்தாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை இருக்கும். அதை ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். தேர்ச்சிக்கு 35. 2019இல் புதிய பாடநூல் வந்தபின் வினாத்தாள் இப்படி: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. அதற்கு முன் அவை இரண்டும் தலா 10ஆக இருந்தன. வரைபடமும் வடிவியலும் கை வேலை. பெருக்கல் தடுமாறுகிற பிள்ளைகூடக் கவராயத்தைப் பிடித்துத் தொடுகோடு வரைந்துவிடும். தினமும் ஒன்று, ஜூன் மாதத்திலிருந்தே, ஜனவரியில் அல்ல. 16 அங்கே வந்துவிடும். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண்ணில் ஒன்பது. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி. முப்பத்தைந்து ஆயிற்று. பென்சில், அளவுகோல், கவராயம் இல்லாததால் 16 மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பொதுத்தேர்வு அன்று என் பையில் எட்டுச் செட் வடிவியல் பெட்டி இருக்கும்.

இதைக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன். பாஸ் பண்ண வைப்பது, அவ்வளவுதான். தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் பையன் கமிஷனை மனக்கணக்கில் நொடியில் சொல்வதைக் கண்டு மயங்கி, மண்டிக் கணக்கை வைத்தே இயற்கணிதம் நடத்திப் பார்த்தேன். ஒரு மாதம். அவனுக்கு மண்டிக் கணக்கு இன்னும் நன்றாக வந்தது, x வழக்கம்போல வரவில்லை.

சான்றிதழ் விஷயத்தை யாரும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தருவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அதாவது, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது கணக்காக வரட்டும் என்று அந்தக் காலத்து வாத்தியார் போட்ட தேதி. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று. பெயரில் ஒரு எழுத்து, முதலெழுத்தில் ஒரு குழப்பம். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல், நாமினல் ரோல், தேர்வுத் துறைக்குப் போய்விட்டால் அதுதான் மதிப்பெண் சான்றிதழில் ஏறும். பிறகு திருத்த நாயாய் அலைய வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்திலேயே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழையும் அப்போதே. பழங்குடி மாணவர்களுக்குத் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர் தர வேண்டும், நாள் பிடிக்கும். முடிவு வந்தபின் மே மாதம் ஓடினால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கை போய்விடும். இன்னொன்று, ஓ.டி.பி. அப்பா பெங்களூரில் மூன்றாம் மாடிச் சாரத்தில் நிற்பார். அவர் போனுக்கு எண் வரும். இங்கே கணினிக்காரர் "சீக்கிரம் சொல்லுங்க" என்பார். அந்த வேலைகளை எல்லாம் தீபாவளி, பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வரும் நாளுக்கு மாற்றிக்கொண்டோம்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். 2016இல் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். பொங்கலுக்குப் பின் வரவில்லை. நிச்சயம் முடிந்துவிட்டது என்று தோழி சொன்னாள். நான் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. யார் சொன்னது என்பது மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவள் தேர்வு எழுத வந்தாள், தேறினாள். ஜூனில் வெளியூரில் உறவுக்காரர் வீட்டில் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். போன் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை, மறுபடியும் செய்வேன். நிச்சயத்துக்குப் பிறகு போனதுதான் தாமதம். அதற்குப் பின் கிராம செவிலியரையும் ஊரில் பேச்சு எடுபடுகிற இரண்டு தாய்மார்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் யார் வீட்டில் பேச்சு நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாத்தியார் போய்ச் சொன்னால் அது சட்டம். அந்த அம்மா போய், "எம் பொண்ணு காலேஜு போறா, உம் பொண்ணுக்கு என்ன அவசரம்" என்றால் அது வேறு பேச்சு.

கொரோனாவைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று முடிவானது. ஏழு வருடமாக நான் முறைத்துக்கொண்டிருந்த பதிவேட்டுக்கு அரசாங்கமே மதிப்பெண் போட்டது. பூப்பறித்த பிள்ளைகளுக்கு அதிலும் நஷ்டம்தான். அடுத்த வருடம் எல்லாரும் தேர்ச்சி, சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. பள்ளி திறந்தபோது நாலு பையன்கள் மண்டியிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். இரண்டு பேரைத் திரும்பக் கூட்டிவந்தோம்.

பஸ் கதை மட்டும் சுருக்கமாக. காலை வழிபாடு 9.15க்கு, பஸ் 9.40க்கு. மனு எழுதி மூன்று வருடம் ஓய்ந்தோம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். தலைவி ஒரு தாய். பெயருக்கு இருப்பார் என்று நினைத்தேன். அவர்தான் குழுத் தீர்மானத்தை அக்டோபர் 2 கிராம சபையில் படித்து, அதை ஊராட்சித் தீர்மானமாக எழுத வைத்தார். ஆசிரியர் மனு என்றால் அது பள்ளியின் பிரச்சினை. கிராம சபைத் தீர்மானம் என்றால் ஊரின் பிரச்சினை. பொங்கல் முடிந்து பஸ் ஒன்பது மணிக்கு வந்தது.

அந்தக் குழுவில்தான் பிறகு இன்னொன்றும் பேசினோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது, ஒன்று முதல் ஐந்து வரை. அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வழிபாட்டில் சுருண்டு விழுந்தார்கள். ஏப்ரல் வரை காலையில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட வயிறு, சுவருக்கு இந்தப் பக்கம் வந்ததும் மதியம் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் காலையில் அடுப்பு மூட்டும் பழக்கம் அதற்குள் போயிருந்தது. தாய்மார்கள் முறை வைத்துக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி வந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மட்டும், 10.30க்கு ஒரு டம்ளர்.

பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றுக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். விலையில்லா சைக்கிள் பதினொன்றில்தான் கிடைக்கும், அதுவும் சேர்ந்து சில மாதம் கழித்து. சேர்க்கை நாளில் நாங்களே பிள்ளைகளை மொத்தமாக அழைத்துக்கொண்டு போய்விடுவோம். தனியாகப் போகச் சொன்ன வருடங்களில் மூன்று நான்கு பேர் வழியிலேயே காணாமல் போனார்கள்.

2024 கலந்தாய்வில் எனக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைத்தது. அதற்குள் நோட்டு ஒன்பது ஆகியிருந்தது. எனக்குப் பதிலாக வந்தவர் விருதுநகர்க்காரர், சின்ன வயது. நோட்டுகளைக் கொடுத்தேன். மரியாதைக்கு வாங்கி அலமாரியில் வைத்தார்.

இந்த பிப்ரவரியில் ஒரு நாள் இரவு போன் செய்தார்.

"சார், பத்தாவதுல நாலு நாளா ஏழு பேர் வரல. வீட்டுக்குப் போனா மோர் குடுக்குறாங்க, பிள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாங்க."

"நோட்டுல பிப்ரவரிய எடுங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"புளியா சார்?"

"ஆமா. பாட்டிகிட்டப் பேசாதீங்க. இந்த வருஷம் மரத்த யாரு ஏலம் எடுத்திருக்காங்கன்னு மொதல்ல கேளுங்க."